சுங்க மேசையில் ஹாம் ரேடியோ ரிக்கோடு நின்றவர்கள் இங்கே வாருங்கள்

மோர்ஸ்மாமா:
ஆறு மாதம் ஆகிவிட்டது, மனது இன்னும் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் எச்எஃப் ரிக்கில், அதாவது சிற்றலையில் அனுப்பவும் கேட்கவும் செய்யும் டிரான்சீவர் செட்டில், பைனல் (சிக்னலை ஆன்டெனாவுக்கு அனுப்பும் கடைசி டிரான்சிஸ்டர்) போய்விட்டது. இங்கே யாரும் அதைத் தொட மாட்டேன் என்றார்கள். சரி என்று தயாரித்தவர்களுக்கே அனுப்பினேன். ஏழு வாரத்தில் சரியாகித் திரும்பியது, ஆனால் கஸ்டம்ஸில் நின்றுவிட்டது. முழு விலைக்கும் தீர்வை கட்ட வேண்டுமாம். ரிப்பேருக்குப் போய் வந்த பொருள் என்கிறேன். "போனதற்குப் பதிவு எங்கே?" என்கிறார் சுங்க அதிகாரி அம்மா. நான் சாதாரண பார்சலாக அனுப்பியிருந்தேன். படிவத்தில் 'எலக்ட்ரானிக் பொருள்' என்று இரண்டே வார்த்தை. மாடல் இல்லை, சீரியல் நம்பர் இல்லை.

ரிக்கைக் கவிழ்த்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, சீரியல் நம்பரை ஒவ்வொரு இலக்கமாகப் படித்தார். நான் நீட்டிய பழைய பில்லில் மாடல் பெயர் மட்டும்தான் இருந்தது. "இதே மாடல் ஆயிரக்கணக்கில் இருக்குமே, இது அதுதான் என்று எப்படி நம்புவது?" நியாயமான கேள்வி. அதுதான் இன்னும் எரிச்சல். மேல்மூடியின் உள்பக்கத்தில் என் கால்சைனும் (உரிமத்தோடு தரும் ரேடியோ அழைப்புப் பெயர்) ரிக்கை வாங்கிய தேதியும் பென்சிலால் எழுதியிருக்கிறேன். நடுவில் எட்டே எட்டு ஸ்க்ரூ. என்னிடம் ஸ்க்ரூடிரைவர் இல்லை. கேட்டேன், அவரிடமும் இல்லை. மூடியின் மேல் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிட்டேன்.

உங்களில் யாருக்காவது இப்படி?

தகரடப்பா:
உங்களுக்காவது காட்ட ஒரு பில் இருந்தது மாமா. என்னிடம் அதுவும் கிடையாது. மிட்டாய் டப்பாவுக்குள் நானே கட்டிய 40 மீட்டர் க்யூஆர்பி, அதாவது 40 மீட்டர் அலைவரிசையில் குறைந்த சக்தியில் அனுப்பும் செட். எக்ஸ்ரேயில் அது எப்படித் தெரியும் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தகரப் பெட்டி, உள்ளே சுருள் சுருளாகக் கம்பி, பக்கத்தில் பேட்டரி, தனியாகப் பித்தளையில் ஒரு மோர்ஸ் கீ.

மூன்று பேர் கூடிவிட்டார்கள். மாடல் என்ன? இல்லை. கம்பெனி? நான்தான். விலை? எல்லாம் பழைய போர்டிலிருந்து கழற்றியது, என்ன விலை சொல்ல! "போட்டுக் காட்டுங்கள்" என்றார் மூத்தவர். இயர்போனை அவரிடம் கொடுத்து, கீயை அமுக்கச் சொன்னேன். அமுக்கினார். இன்னும் இரண்டு தடவை அமுக்கினார். "இது இப்போது யாருக்குக் கேட்கும்?" "ஆன்டெனா மாட்டவில்லை சார், யாருக்கும் கேட்காது." "அப்புறம் எதற்கு இது?" வாயைத் திறந்தேன், பதில் வரவில்லை. சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். அந்தக் கேள்விக்கு ஒரு நல்ல பதிலை இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

எஸ்டபிள்யூஆர் 1.1:
தகரடப்பா, ஆன்டெனாவும் இல்லை, டம்மி லோடும் (ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் சுமை) இல்லை, கீயை அமுக்க விட்டீர்களா? கருகிப்போக பைனல் டிரான்சிஸ்டர் என்ன பாவம் செய்தது?

தகரடப்பா:
பைனலுக்கு சப்ளையே போகவில்லை ஓஎம் (ஹாம் பேச்சில் 'நண்பரே'). அமுக்குபவர் காதில் மட்டும் கேட்கும் சைடுடோன்தான். இதற்கு அந்த அதிகாரியே பரவாயில்லை.

எஸ்டபிள்யூஆர் 1.1:
அப்படியென்றால் சரி. என் கதை சின்னது. ஒரு தடவை கூரியர்காரர் என் ரிக்கைக் கேமரா என்று எழுதிவிட்டார். பிரித்துச் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அதிலிருந்து கற்றதை எல்லோருக்குமாகச் சொல்கிறேன். உலக சுங்க அமைப்பின் எச்எஸ் வகைப்பாடு (பொருள்களுக்குக் குறியீட்டு எண் தரும் பட்டியல்) 1988 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் முதல் ஆறு இலக்கம் எல்லா உறுப்பு நாட்டுக்கும் பொது. அதற்குப் பின்னால் வரும் இலக்கங்களும் தீர்வை விகிதமும் அந்தந்த நாட்டின் விருப்பம். சிக்கல் முதல் நான்கிலேயே தொடங்கிவிடுகிறது. 8517 என்றால் தொலைபேசியும் தகவல் அனுப்பும் கருவிகளும். 8525 என்றால் ஒலிபரப்பு, தொலைக்காட்சி டிரான்ஸ்மிட்டர்கள், கூடவே கேமராக்கள். நம் டிரான்சீவர் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறது. எதில் போடுவார்கள் என்று வாங்குவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். பல நாடுகளில் அப்படி முன்கூட்டியே தீர்மானம் வாங்க வழி இருக்கிறது. பவர் சப்ளை தனி, அது 8504. எல்லாவற்றையும் 'ரேடியோ செட்' என்று ஒரே வரியில் எழுத விடாதீர்கள். பில்லில் தனித்தனி வரி வேண்டும்.

அடுத்தது மதிப்பு. விற்பவரிடம் 'அன்பளிப்பு' என்று எழுதச் சொல்வது, விலையைக் குறைத்துப் போடச் சொல்வது, இதெல்லாம் வேண்டாம். உலக வர்த்தக அமைப்பின் மதிப்பீட்டு ஒப்பந்தப்படி முதலில் பார்ப்பது நீங்கள் உண்மையில் கொடுத்த விலையைத்தான். சந்தேகம் வந்தால் ஆதாரம் கேட்கலாம். அதனால் பழைய ரிக் வாங்கினால் விளம்பரத்தையும் பணம் அனுப்பிய பதிவையும் எடுத்து வையுங்கள். சில நாடுகள் கப்பல் கூலி, காப்பீடு எல்லாம் சேர்த்துத்தான் தீர்வை போடும், சில போடாது. கணக்குப் பார்க்கும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

இரவல்கீ:
யாரும் கேட்கவில்லையே சார். 🙂

என்னுடையது லைசென்ஸ் கதை. செப்ட் உரிமம் (ஒரு நாட்டின் ஹாம் உரிமத்தைப் பல நாடுகளும் ஏற்கும் ஐரோப்பிய ஏற்பாடு) இருக்கிறதே என்ற தைரியத்தில் பையில் ரிக்கோடு இறங்கினேன். அதற்கு அடிப்படையான டி/ஆர் 61-01 பரிந்துரையை அச்செடுத்து உறையில் போட்டு வைத்திருந்தேன். கொஞ்சம் திமிராகவே நீட்டினேன் என்று இப்போது தோன்றுகிறது. அந்த அதிகாரி நின்ற இடத்திலேயே முழுவதும் படித்தார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகிறது. ஒரு வரியில் விரலை வைத்துத் தாளை என் பக்கம் திருப்பினார். கருவிகளின் இறக்குமதியும் ஏற்றுமதியும் இதில் அடங்காது, அதற்குச் சுங்க விதிகள்தான் என்று இருந்தது. "இந்தத் தாள் உங்களைப் பேச விடும். கொண்டுவர விடாது" என்றார். குரல்கூட உயரவில்லை. நானே கொண்டுபோன தாளில் நானே படிக்காத வரி!

ஆறாவதுவாட்:
எனக்கு விமான நிலையத்தில் லித்தியம் பேட்டரி. 100 வாட்-மணி வரை தடையில்லை, அதைத் தாண்டி 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். என்னுடையது 8 ஆம்பியர்-மணி. 12 வோல்ட் பெருக்கல் 8, 96 என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அந்தப் பெண் பேட்டரியில் இருந்த 12.8 வோல்ட்டைக் காட்டி, கால்குலேட்டரில் போட்டார். 102.4.

இரவல்கீ:
அது கஸ்டம்ஸ் இல்லையே ஓஎம்.

ஆறாவதுவாட்:
தெரியும். ஆனாலும் வலிக்கிறது.

நடுத்தீவு:
இரவல்கீ சொன்னதற்குத்தான் ஏடிஏ கார்னெட் (பொருளைத் தீர்வையின்றித் தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திரும்ப உதவும் சுங்க ஆவணம்) எடுக்க வேண்டும் என்பார்கள். நாங்கள் ஐந்து பேர் டிஎக்ஸ்பெடிஷனுக்கு (தொலைதூர இடத்துக்குப் போய் அங்கிருந்து ரேடியோவில் பேசும் பயணம்) அதில்தான் போனோம். ரிக், லீனியர் ஆம்ப்ளிஃபையர், ஆன்டெனா ட்யூனர் என்று ஒவ்வொன்றுக்கும் சீரியல் நம்பர், எடை, மதிப்பு எழுதிய பட்டியல். ஆயுள் அதிகபட்சம் ஒரு வருடம். திரும்பும்போது அந்த நாட்டின் சுங்கம் 'வெளியே போயிற்று' என்று முத்திரை குத்தியாக வேண்டும்.

நடு இரவு விமானம். சுங்க ஜன்னல் மூடியிருந்தது. உள்ளே விளக்கு எரிகிறது. ஜன்னல் பக்கத்தில் அழைப்பு மணி இருக்கிறது. நான் அதைப் பார்த்தேன். அதே நேரத்தில் எங்கள் விமானத்துக்குக் கடைசி அழைப்பு வந்தது, எல்லோரும் ஓடினோம். பல மாதம் கழித்து, அத்தனை பொருளுக்கும் தீர்வை கேட்டுக் கடிதம் வந்தது. நல்லவேளை, எங்கள் நாட்டில் திரும்பி நுழைந்ததற்கு மஞ்சள் தாளில் முத்திரை வாங்கியிருந்தோம். அதைக் காட்டி, ஒரு கட்டணத்தோடு தப்பித்தோம். ஆனாலும் அந்த மணி... ஒரு விரல் அமுக்கு.

எஸ்டபிள்யூஆர் 1.1:
தகரடப்பாவுக்கு ஒன்று விட்டுப்போயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014/53 ரேடியோ கருவி விதியில், அமெச்சூர் தானே கட்டியது, கிட்டாக வாங்கிக் கட்டுவது, தன் பயன்பாட்டுக்கு மாற்றியமைத்தது மூன்றுக்கும் விலக்கு இருக்கிறது. ரெடிமேட் ரிக்குக்குக் கிடையாது. ஆகவே அந்தப் பக்கம் போனால் டப்பாவைப் பற்றி பயப்பட வேண்டாம். ஆனால் விலக்கு இருப்பது ரேடியோ விதியிலிருந்துதான், தீர்வையிலிருந்து இல்லை. இன்னொன்று...

மோர்ஸ்மாமா:
சார், கொஞ்சம் மூச்சு விடுங்கள். நான் கேட்டது ஒன்றுதான், ரிப்பேருக்குப் போய் வந்த ரிக் யாருக்காவது இப்படி மாட்டியதா?

நடுத்தீவு:
எனக்கு மாட்டவில்லை மாமா, நண்பர் ஒருவர் அனுப்புவதற்கு முன்பே சுங்கத்தில் சீரியல் நம்பரைப் பதிந்து முத்திரை வாங்கிக்கொண்டார். திரும்பும்போது ரிப்பேர் கூலிக்கும் அனுப்பும் செலவுக்கும் மட்டும்தான் தீர்வை போட்டார்கள். அதே ரிக், அதே வேலை. சரி, வீட்டுக்குப் போய் மூடியைத் திறந்து பார்த்தீர்களா? பென்சில் எழுத்து இருக்கிறதா?

மோர்ஸ்மாமா:
திறக்கவில்லை. ரிப்பேர் செய்தவர்கள் ஒரு ஸ்க்ரூ மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள், கிழித்தால் வாரண்டி போய்விடுமாம். வீட்டுக்கு வந்து விளக்கு வெளிச்சத்தில்தான் அதைப் பார்த்தேன். அன்றைக்கு அந்த அம்மாவிடம் ஸ்க்ரூடிரைவர் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

73 (ஹாம்களின் 'நல்வாழ்த்துகள்').