காணிக்கைப் பை வரும்போது கையில் என்ன இருக்கிறது?

பாளை வாசி:
போன ஞாயிறு சர்ச் ஆராதனையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். காணிக்கைப் பாட்டு தொடங்கியதும் சிவப்பு வெல்வெட் பை வரிசை வரிசையாக வந்துகொண்டிருந்தது. பர்ஸைத் திறந்தால் இரண்டு ஏ.டி.எம். கார்டு, ஒரு பழைய பஸ் டிக்கெட். ரூபாய் நோட்டைத் தொட்டே பத்து நாள் இருக்கும். பால், காய்கறி, ஆட்டோ எல்லாம் ஜிபேதான். பின்வரிசையில் மாமியார் வீட்டார் வேறு. சரி என்று வெறுங்கையை மூடிப் பைக்குள் விட்டு எடுத்துவிட்டேன். அடுத்து உட்கார்ந்திருந்த என் ஏழு வயது மகளும் கையை மூடி, உள்ளே விட்டு, விரித்து எடுத்தாள். “நீ என்னம்மா போட்ட?” என்று காதோரம் கேட்டேன். “சும்மாதான் போட்டேன். நீங்களும் அப்படித்தானப்பா போட்டீங்க?”

ஆலய வாசலில் க்யூஆர் கோடு ஒட்டியிருக்கிறது. வீட்டுக்குப் போய் அனுப்பிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். ஞாபகம் வந்தபோது சாயங்காலம் நாலு மணி. 200 ரூபாய் அனுப்பிவிட்டுப் பார்த்தால், போனில் மேலே ஆலயம், கீழே மத்தியானம் வாங்கிய பிரியாணி. பிரியாணிக்குத்தான் கூட.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

சேகரப் பொருளாளர்:
எண்ணுகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன். ஆராதனை முடிந்ததும் வெஸ்ட்ரியில், அதாவது ஆலயத்தின் பக்க அறையில், மேசைமேல் பையைக் கவிழ்ப்போம். இரண்டு பேர் எண்ணி, இரண்டு பேரும் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். கிழிந்து டேப் ஒட்டிய பத்து ரூபாய் நோட்டெல்லாம் கடைசியில் எங்கே போகும் என்று நினைக்கிறீர்கள்? கடைக்காரர் வாங்க மாட்டார், கண்டக்டர் வாங்க மாட்டார், கர்த்தர் வாங்கிக்கொள்வார். 2016 நவம்பர் 8 ராத்திரி ஐநூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்தார்களே, அடுத்த ஞாயிறு 13ஆம் தேதி எங்கள் பையில் ஐநூறு ரூபாய்த் தாளாக விழுந்தது. அதற்கு முன்னும் பின்னும் அத்தனை தாராளத்தை நான் பார்த்ததில்லை.

2020 ஊரடங்கில் ஆலயம் பூட்டிக் கிடந்தபோதுதான் நாங்கள் க்யூஆர் கோடு வைத்தோம். அப்புறம் எடுக்க மனசு வரவில்லை, மின்கட்டணமே அதில்தான் கட்டினோம். கிழிந்த நோட்டுத் தொல்லையும் குறைந்தது. ஆனால் ஒரு சங்கடம் வந்து சேர்ந்தது. பையில் யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாது. ஸ்டேட்மென்டில் பேரும் நேரமும் விழுந்துவிடுகிறது. பெரிய வீட்டுக்காரர் ஒருவர் வாராவாரம் பத்து ரூபாய் அனுப்புகிறார். திருவிருந்துக்கு அவர் பக்கத்தில் முழங்கால் போடும்போது எனக்கு அந்தப் பத்து ரூபாய்தான் ஞாபகம் வருகிறது. இது என் பாவம், அவருடையது இல்லை. மாற்கு 12இல் இயேசு காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து ஜனங்கள் பணம் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்கலாம். நான் பார்க்கலாமா? இந்த வருஷம் பொறுப்பை மாற்றிக்கொடுங்கள் என்று எங்கள் போதகர் ஐயரிடம் சொல்லியிருக்கிறேன்.

ரிட்டயர்டு டீச்சர், மதுரை:
பொருளாளர் தம்பி, “உன் வலதுகை செய்கிறதை உன் இடதுகை அறியாதிருக்கக்கடவது” என்று மத்தேயு 6இல் வாசித்துவிட்டு, அடுத்த ஐந்தாவது நிமிஷம் ஸ்தோத்திரக் காணிக்கை கொடுத்தவர்கள் பேரைத் தொகையோடு மைக்கில் வாசிக்கிற சபையில் நான் நாற்பது வருஷமாக இருக்கிறேன். போன் மேல் பழி போடாதீர்கள்.

எங்கள் அறுப்பின் பண்டிகையில், காணிக்கையாக வந்த பொருள்களை ஏலம் விடுகிற கதையைக் கேளுங்கள். போன தடவை ஒரு நாட்டுக்கோழி. இங்கே ஒரு அண்ணன், மஸ்கட்டில் அவருடைய சொந்தத் தம்பி. தம்பியை வீடியோ காலில் பிடித்து போனை ஒரு பையன் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுகிறான். அண்ணன் ஆயிரம் என்றால் போனிலிருந்து “ரெண்டாயிரம்” என்று சத்தம். சிக்னல் விட்டுவிட்டு வரும், ஏலம் போடுகிறவர் காத்துக்கொண்டு நிற்பார், கோழி கத்தும். கடைசியில் 6,500க்கு மஸ்கட் ஜெயித்தது. அங்கேயே பணம் ஏறியது, பந்தல் முழுக்கக் கைதட்டல். பிறகுதான் கோழியை யார் கொண்டுபோவது என்ற பேச்சு வந்தது. அண்ணன் வாங்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு வாரம் அது போதகர் மனைவி ஐயரம்மா வீட்டுக் கொல்லையில் மேய்ந்தது. காணிக்கை வந்தது, நான் இல்லை என்று சொல்லவில்லை.

கேரல் கோஷ்டி:
நாங்கள் போன டிசம்பரில் கிறிஸ்மஸ் தாத்தா கழுத்திலேயே க்யூஆர் அட்டையை மாட்டிவிட்டோம். தாத்தா ஆடிக்கொண்டே இருந்ததால் யாராலும் ஸ்கேன் பண்ண முடியவில்லை.

ஐசாலில் ஆறு வருஷம்:
வங்கி வேலையில் மாற்றலாகி மிசோரமில் இருந்தேன். வீட்டுக்கார அம்மா தினம் உலை வைக்கும்போது தகர டப்பாவில் அரிசி அளந்து பாத்திரத்தில் போடுவார். போட்டதிலிருந்து ஒரு கைப்பிடியைத் திரும்ப எடுத்து, அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிற தனிப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் அரிசி களைவார். ‘புஃபாய் தாம்’ என்பார்கள், கைப்பிடி அரிசி என்றே அர்த்தம். சபைப் பெண்கள் வீடுவீடாக வந்து சேர்த்து எடுத்துப்போய் விற்று ஊழியத்துக்குக் கொடுப்பார்கள். 1910இலிருந்து அங்கே இந்த வழக்கம் இருக்கிறது. நான் கவனித்தது ஒன்றுதான்: அளந்த பிறகு எடுக்கிறார். அதாவது அன்றைக்கு அந்த வீட்டில் ஒரு கைப்பிடிச் சோறு குறைவு. ஒரு நாள் நானும் அவர்களோடு சாப்பிட்டேன். ஆள் கூடியும் அந்தப் பிடி பெட்டிக்குள் போனது.

தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் என் ஆச்சியும் கைப்பிடி அரிசிக்கென்று ஒரு மண்பானை வைத்திருந்தாள். இப்போது சென்னையில் எங்கள் வீட்டில் வாரத்தில் மூன்று நாள் அடுப்பே பற்றுவதில்லை, சாப்பாடு பைக்கில் வருகிறது. மாதம் பிறந்தால் ஒரு தொகை தானாகவே ஆலயத்துக்குப் போகும்படி வைத்திருக்கிறேன். ஆச்சி கொடுத்ததைவிட நூறு மடங்கு இருக்கும். எந்தத் தேதியில் போகிறது என்று என் மனைவி கேட்டாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பாளை வாசி:
எல்லாருக்கும் நன்றி. கோழிக் கதையை வீட்டில் சத்தமாக வாசித்தோம்.

சனிக்கிழமை சாயங்காலம் முக்கு மளிகைக் கடையில் நூறு ரூபாய் ஜிபே பண்ணிவிட்டு, அதற்குப் பத்து ரூபாய் நாணயமாகக் கேட்டேன். “பத்து ரூபாக் காசை யாரும் வாங்க மாட்டேங்கிறாங்க சார், எல்லாத்தையும் நீங்களே கொண்டுபோங்க” என்று சந்தோஷமாக எண்ணிக்கொடுத்தார். ஞாயிறு காலையில் ஒன்றை மகளிடம் கொடுத்தேன். பாட்டு, ஜெபம், பிரசங்கம் முழுக்க அதை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தாள். நடுவில் ஒருதரம், “இதுக்கு ஐஸ்கிரீம் தருவாங்களாப்பா?” என்று கேட்டாள். பை வந்தது. கொஞ்ச நேரம் கையை உள்ளேயே வைத்திருந்தாள். பையைப் பிடித்திருந்த அண்ணன் பொறுமையாக நின்றார். அப்புறம் ‘ணங்’ என்று சத்தம் கேட்டது. கையை வெளியே எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, “இரும்பு வாசம்பா” என்று என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.