ஏலத்தில் பழைய சினிமா போஸ்டர்: தலைப்பில் 1939, தாள் எந்த ஆண்டு?

தாள்மடிப்பு (கேள்வி)

வணக்கம். வெளிநாட்டு இணைய ஏலம் ஒன்றில் 'கான் வித் த விண்ட்' படத்தின் அமெரிக்க ஒன் ஷீட் (தியேட்டருக்கான ஒற்றைத் தாள் போஸ்டர்) ஒன்று வந்திருக்கிறது. கிளார்க் கேபிள் விவியன் லீயைக் கைகளில் ஏந்தி நிற்க, பின்னால் ஊர் பற்றி எரியும் ஓவியம். தலைப்பில் 'எம்.ஜி.எம்., 1939' என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். லினன் பேக்கிங் (பின்னால் துணி ஏற்றியது) செய்தது, நிலை 'வெரி ஃபைன்' என்கிறார்கள். தொடக்க விலை 300 டாலர். 1939 போஸ்டர் இந்த விலைக்கு எப்படிக் கிடைக்கும் என்று சந்தேகமாக இருக்கிறது.

ஏலம் கேட்பதற்கு முன் எதையெல்லாம் கேட்டு வாங்க வேண்டும்? லினன் பேக்கிங் நல்லதா, குறையை மறைக்கும் வேலையா? சென்னைக்கு வந்து சேரும்போது மொத்தச் செலவு எப்படிக் கூடும்? இன்னொன்று: உள்ளூரில் ஒருவர் 1965 எம்.ஜி.ஆர். பட போஸ்டர் 'ஒரிஜினல்' என்று விற்கிறார். அதன் வயதைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

கல்லச்சு

அந்த ஓவியம் 1939-ஐச் சேர்ந்தது அல்ல. 1967 மறுவெளியீட்டுக்காக ஹோவர்ட் டெர்ப்னிங் வரைந்தது. அந்த முறை படத்தை 70 மி.மீ. அகலத்திரைக்கு மாற்றி வெளியிட்டார்கள். போஸ்டரில் 70 மி.மீ. என்றும் ஸ்டீரியோ ஒலி என்றும் வரி இருந்தால், அந்தத் தாள் 1939-இல் அச்சாகியிருக்க வழியே இல்லை. ஏலப் பட்டியல்களின் தலைப்பில் படத்தின் ஆண்டைப் போடுவது வழக்கம். ஒழுங்கான நிறுவனங்கள் அதன் பக்கத்திலேயே 'ஆர்-1967' என்று மறுவெளியீட்டு ஆண்டையும் போட்டுவிடும். இங்கே அது இல்லை என்பதே முதல் எச்சரிக்கை.

இனி எந்த அமெரிக்க போஸ்டரைப் பார்த்தாலும் கண் முதலில் போக வேண்டிய இடம் கீழ் ஓர வெள்ளைக் கரையின் வலது மூலை. 1940 முதல் பெரும்பாலான ஸ்டூடியோக்களின் போஸ்டர்களை நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ் என்ற நிறுவனம்தான் தியேட்டர்களுக்கு அனுப்பியது. அவர்கள் '58/120' போல ஒரு எண் அச்சிடுவார்கள். முதல் பாதி ஆண்டு, அடுத்தது அந்த ஆண்டில் படத்தின் வரிசை. மறுவெளியீடு என்றால் பெரும்பாலும் முன்னால் ஆங்கில 'ஆர்' எழுத்து நிற்கும். 1977 வாக்கில் இது சாய்கோடு இல்லாத ஆறு இலக்க எண்ணாக மாறுகிறது. 'தியேட்டரில் காட்டுவதற்கு மட்டும், முடிந்ததும் திருப்பி அனுப்பவும்' என்ற பொருளில் ஒரு சிறு வாசகமும் கீழே இருக்கும். போலி அடிப்பவர்கள் எண்ணையும் வாசகத்தையும் சேர்த்தே படம் பிடித்து அச்சிடுவார்கள். அதனால் எண் இருப்பது தொடக்கம்தான், அதுவே சான்று ஆகாது. எண் இல்லாததும் உடனே போலி என்று பொருள்படாது. 1940-க்கு முந்தைய தாள்களிலும் வெளிநாட்டு வெளியீட்டுக்கென அடித்தவற்றிலும் இது இருக்காது. 1930களின் தாள் என்றால் மார்கன் லித்தோ, டூக்கர் லித்தோ, காண்டினென்டல் லித்தோ போன்ற அச்சகப் பெயரைத் தேடுங்கள்.

அடுத்தது அளவு. அந்தக் கால ஒன் ஷீட் 27 × 41 அங்குலம். 1980களில்தான் 27 × 40 பரவலாகிறது. சரியாக 24 × 36 என்றால் அது கடையில் விற்ற சுவர்ப் படம், தியேட்டர் போஸ்டர் அல்ல. 'ஏறத்தாழ 27 × 41' என்று எழுதியிருந்தால் விடாதீர்கள். லினன் கரையை விட்டுவிட்டு, தாளை மட்டும் நான்கு பக்கமும் அளந்து சொல்லச் சொல்லுங்கள். ஓரம் வெட்டுப்பட்ட தாள்கள் இந்தக் கேள்வியில்தான் மாட்டும்.

மடிப்பு மூன்றாவது. 1980களின் தொடக்கம் வரை ஒன் ஷீட்டுகள் மடித்துத்தான் அனுப்பப்பட்டன: குறுக்கே மூன்று மடிப்பு, நெடுக்கே ஒன்று, ஆக எட்டுக் கட்டம். மறு அச்சுகளில் மூலத்தின் மடிப்புக்கோடே படமாகப் பதிந்துவிடும். கண்ணுக்குக் கோடு தெரியும், விரலுக்குத் தட்டாது. ஏலத்தில் தொட்டுப் பார்க்க முடியாதே? பக்கவாட்டில் இருந்து சாய்வாக ஒளி விழும்படி எடுத்த படம் ஒன்று கேளுங்கள். உண்மையான மடிப்பு நிழல் போடும்.

பத்துமடங்கு

மேலே சொன்னதோடு அச்சுப்புள்ளியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 10 மடங்கு லூப் (சிறு உருப்பெருக்கி) போதும். மூல ஆஃப்செட் அச்சில் புள்ளிகள் கூர்மையாக, ஒழுங்கான பூ வடிவில் நிற்கும். சிறு எழுத்துகள் புள்ளியே இல்லாமல் திட மையில் இருக்கும். மறு அச்சு என்பது அச்சான தாளையே படம் பிடித்து மறுபடி புள்ளியாக்கியது. அதனால் கீழே உள்ள நடிகர், தொழில்நுட்பக் கலைஞர் பெயர்களின் எழுத்துகளே புள்ளியாக உடைந்திருக்கும், 'இ', 'ஏ' போன்ற ஆங்கில எழுத்துகளின் உட்குழி அடைந்திருக்கும், ஒரே நிறமான பரப்பில் அலையலையாகக் கோலம் தெரியும். விற்பவரிடம் பெயர்ப் பட்டியலின் ஒரு அங்குலப் பகுதியை நெருக்கத்தில் எடுத்து அனுப்பச் சொன்னால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். 1930களின் கல்லச்சு (லித்தோ) தாள்களில் இந்த ஒழுங்கான புள்ளியே இருக்கக் கூடாது. கிரேயான் உரசியது போன்ற மணல்தன்மைதான் இருக்கும்.

யு.வி. விளக்கு பற்றி ஒரு தவறான நம்பிக்கை சுற்றுகிறது. தாளுக்கு வெண்மை ஏற்றும் ஒளிர்வுப் பொருள் பரவலானது 1950 வாக்கில். ஆகவே 1931 தாள் நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் கைவிட வேண்டியதுதான். 1967 தாள் ஒளிர்வது இயல்பாக இருக்கலாம். அங்கே யு.வி.யின் பயன் வேறு: ஒட்டுப் போட்ட இடமும் மேல்பூச்சும் சுற்றியுள்ள தாளிலிருந்து வேறு நிறத்தில் திட்டாகத் தெரியும். போலி அதிகம் நடமாடுவது 1930களின் யூனிவர்சல் திகில் படங்களில். 2017-இல் 'டிராகுலா' (1931) ஒன் ஷீட் ஹெரிடேஜ் ஏலத்தில் 5,25,800 டாலருக்குப் போனது. அப்படி விலை போகும் இடத்தில் பழைய தாளிலேயே அடித்த போலிகளும் வருகின்றன. அங்கே தாளின் வயது மட்டும் காப்பாற்றாது.

லினன் பேக்கிங்: ஒழுங்காகச் செய்தது என்றால், போஸ்டரைக் கழுவி அமிலம் நீக்கி, அமிலமற்ற மெல்லிய தாளில் கோதுமை ஸ்டார்ச் பசையால் ஒட்டி, சட்டத்தில் இழுத்துக் கட்டிய பருத்திக் கான்வாஸ் மீது ஏற்றுவார்கள். நனைத்தால் திரும்பப் பிரித்துவிடலாம், அதுதான் அதன் உயிர். ஒன் ஷீட், மூன்று ஷீட் போன்ற பெரிய தாள்களுக்கு இது விலையைக் குறைக்காது. 11 × 14 லாபி கார்டை (தியேட்டர் முகப்பில் வைக்கும் சிறு அட்டையை) லினனில் ஏற்றியிருந்தால் மட்டும் தவிர்த்துவிடுங்கள். சூட்டில் ஃபோம் போர்டில் ஒட்டியது (டிரை மவுண்ட்) எதுவானாலும் வேண்டாம், அதைப் பிரிப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

லினன் மறைக்கும் என்பதும் உண்மை. தாளின் பின்பக்கம் முழுக்கப் போய்விடுகிறது. மடித்த தாளின் வெளிக்கட்டத்தில் படப் பெயர் முத்திரையாகக் குத்தியிருப்பார்கள், அதுவும் போச்சு. மடிப்பு சந்திக்கும் புள்ளிகளில் ஓட்டை, காணாமல் போன ஓரம், எல்லாமே வண்ணம் பூசி நிரப்பப்பட்டிருக்கலாம். 'வெரி ஃபைன் ஆன் லினன்' என்பது பழுது பார்த்த பிறகான நிலை. பழுது பார்ப்பதற்கு முன் எடுத்த படம் இருக்கிறதா என்று கேளுங்கள். நல்ல பட்டறைகள் அதை எடுத்து வைக்கும். இல்லை என்றால் யு.வி. ஒளியில் ஒரு படம். இரண்டும் இல்லை என்றால், அதற்குக் கீழ்நிலையான 'வெரி குட்' விலைக்கு மேல் போகாதீர்கள்.

பின்கோடு

தமிழ் போஸ்டருக்கு நேஷனல் ஸ்கிரீன் எண் போல எதுவும் கிடையாது. எம்.ஜி.ஆர். படங்கள் பல பத்தாண்டுகளாக மறுபடி மறுபடி வெளிவந்தவை, ஒவ்வொரு முறையும் புதுத் தாள் அடித்தார்கள். மைதாப் பசை தடவிச் சுவரில் ஒட்டியது திரும்பி வருவதில்லை. இன்று நல்ல நிலையில் கிடைப்பது ஒட்டாமல் தங்கிய இருப்புதான், அது எந்த வெளியீட்டின் இருப்பு என்பதுதான் கேள்வி.

கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சகமோ விநியோகஸ்தரோ முகவரி கொடுத்திருந்தால் அதைப் படியுங்கள். ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தையது, ஏனென்றால் பின்கோடு முறை தொடங்கியதே அன்றுதான். 'சென்னை - 2' போல வட்ட எண் மட்டும் இருந்தால் முந்தையதாக இருக்கலாம். ஆங்கிலத்தில் 'மெட்ராஸ்' போய் 'சென்னை' வந்திருந்தால் பெரும்பாலும் 1996-க்குப் பிறகு.

அடுத்து எழுத்து. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் லை, ளை, னை, ணை எழுத்துகளுக்குத் தும்பிக்கை போல மேலே சுழித்த கொம்பு இருக்கும்; ணா, றா, னா மூன்றும் தனிக்கால் இல்லாமல் சுழிந்து முடியும். 1965 படத்தின் போஸ்டரில் இன்றைய லை, னை இருந்தால் அது மறுவெளியீடு என்று துணிந்து சொல்லலாம். அதற்கு முன்பே பெரியாரின் 'விடுதலை' சீர்திருத்த எழுத்தைப் பயன்படுத்தியது, ஆனால் சினிமா போஸ்டர்களின் பொது வழக்கு அதுவல்ல. இந்த விதி ஒரு பக்கம்தான் ஓடும். பழைய எழுத்தைப் பல ஓவியர்கள் 1978-க்குப் பிறகும் விடவில்லை, படத் தலைப்பை அப்படியே பார்த்து வரைந்தவர்களும் உண்டு. தலைப்பை விட்டுவிட்டு, 'தினசரி 3 காட்சிகள்' போன்ற சில்லறை வரிகளில் உள்ள எழுத்தைப் பாருங்கள். அங்கேதான் காலம் மாட்டிக்கொள்ளும்.

தாள்மடிப்பு

மூவருக்கும் நன்றி. ஏலக்காரர் பதில் அனுப்பினார். தாள் மட்டும் 26¾ × 40¼. கீழ்க் கரை குறுகலாக இருக்கிறது, மூலையில் எண் எதுவும் இல்லை. 70 மி.மீ. வரி இல்லை. பெயர்ப் பட்டியல் எழுத்துகள் திடமாகத்தான் தெரிகின்றன. கீழே ஒரு சிறு கட்டத்துக்குள் ஆங்கில 'ஜி' எழுத்து இருக்கிறது. பழுதுக்கு முந்தைய படம் இல்லையாம்.

கல்லச்சு

அந்த 'ஜி' போதும். படத்தை யார் பார்க்கலாம் என்று காட்டும் அமெரிக்கத் தரச்சான்று எழுத்துகள் நடைமுறைக்கு வந்தது 1968 நவம்பரில். அதற்குப் பிந்தைய அச்சு அது. அதே ஓவியத்தை வைத்துப் பின்னால் அடித்ததாக இருக்க வேண்டும். எழுத்து திடமாக இருப்பதால் தியேட்டருக்கென அடித்த தாளாக இருக்க வாய்ப்பு உண்டு, ஆனால் எண் இருந்த ஓரம் வெட்டப்பட்டதால் எந்த ஆண்டு என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. விற்கும்போது உங்களிடமும் இதே கேள்வி வரும். ஓவியத்துக்காக வீட்டில் மாட்ட விரும்பினால் ஒழிய 300 டாலர் கொடுக்காதீர்கள். எண் முழுசாக உள்ள, லினன் ஏற்றாத, மடித்த 1967 தாளுக்குக் காத்திருங்கள். இந்த மறுவெளியீட்டுத் தாள் ஏலங்களில் அடிக்கடி வருவதுதான்.

பத்துமடங்கு

செலவுக் கேள்வி விடுபட்டுவிட்டது. பையர்ஸ் பிரீமியம் (ஏல நிறுவனம் வாங்குபவரிடம் கூடுதலாக வாங்கும் கட்டணம்) 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 400 டாலருக்குப் படிந்த ஏலம் 500 ஆகிறது. கூரியரும் காப்பீடும் 70 என்றால் 570. சுங்க வரி இந்த 570 மீதும், ஐ.ஜி.எஸ்.டி. 570-உடன் சுங்க வரியையும் சேர்த்த தொகை மீதும் கணக்கிடப்படும். எந்தப் பிரிவில் பதிவு செய்வார்கள், எவ்வளவு விகிதம் என்று கூரியர் நிறுவனத்திடம் ஏலத்துக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். இன்வாய்ஸில் விலையைக் குறைத்துப் போடச் சொல்லாதீர்கள், தொலைந்தால் காப்பீடும் அந்தக் குறைந்த தொகைதான் தரும்.

மடித்த தாள் வாங்கினால் மடித்தபடியே, இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவில் அனுப்பச் சொல்லுங்கள். சுருட்டச் சொன்னால் பழைய மடிப்பு சந்திப்புகள் கிழியும். லினன் ஏற்றியது என்றால் குறைந்தது 4 அங்குல விட்டமுள்ள கெட்டிக் குழாய்.

சென்னையில் வந்து சேர்ந்த பிறகு இரண்டு ஆபத்து. ஒன்று ஃபிரேம் கடை: 'லேமினேட் பண்ணித் தரட்டுமா' என்று கேட்பார்கள், ஹார்ட்போர்டில் ஃபெவிகால் தடவி ஒட்டியும் விடுவார்கள். ஒட்டவே கூடாது என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். யு.வி. தடுப்பு அக்ரிலிக், தாளுக்கும் அதற்கும் நடுவில் இடைவெளிக் கட்டை, பின்னால் அமிலமற்ற அட்டை. கண்ணாடியில் தாள் தொட்டுக்கொண்டிருந்தால் ஒரே மழைக்காலத்தில் ஒட்டிப் பிடித்துவிடும். மற்றொன்று ராமபாணப் பூச்சி. லினனில் உள்ள ஸ்டார்ச் பசை அதற்குத் தீனி. வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருக்கப் பாருங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சட்டத்தை இறக்கிப் பின்பக்கத்தைப் பாருங்கள். மாட்டாமல் வைப்பதானால் பாலியெஸ்டர் உறை. பி.வி.சி. உறை நாளாக நாளாக மையோடு ஒட்டிக்கொள்ளும்.