ரொக் பாட்டிலும் ஓபராவிலும் எதைத்தான் காது கொடுத்துக் கேட்பது?

கொட்டகலை_மழை:
ஹட்டனில் ஒரு போட்டோ கொப்பி கடையில் வேலை. போக வர பஸ்ஸில்தான் எனக்குப் பாட்டுக் கேட்கிற நேரம். பெரியம்மா மகன் கொழும்பில் கிட்டார் வாசிக்கிறவர், போன வாரம் ஒரு பட்டியல் அனுப்பினார், பாதி ரொக், பாதி ஓபரா (பாட்டாகவே நடக்கும் மேனாட்டு மேடை நாடகமாம்). "சும்மா ஓடவிடாதே, உள்ளே என்ன நடக்குதுன்னு கேளு" என்று ஒரு கட்டளை வேறு. கேட்டேன். ரொக்கில் டிரம்ஸ் சத்தம், ஓபராவில் ஓர் அம்மா கத்துகிறார், அவ்வளவுதான் தெரிந்தது. குவீன் குழுவின் போஹேமியன் ராப்சடி மட்டும் பிடித்தது, ஆனால் அதிலும் நடுவில் கூட்டமாகப் பாடுகிற இடத்தில் குரல்கள் வருவதும் காணாமல் போவதுமாக இருக்கிறது. பழைய ரெக்கோர்டிங் என்பதாலா? பாஷை தெரியாதவன் எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது? (என் இயர்போனில் ஒரு பக்கம் வேலை செய்யாது. அதுவும் காரணமோ தெரியாது.)

பழைய_கேசட்:
தம்பி, அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே, அதுதான் விடை! அந்தப் பாட்டு 1975இல் வந்தது. 24 குரல்களைத் தனித்தனியாகப் பதியக்கூடிய 24 தட டேப்பில், மூன்று பேர் மட்டும் பாடிப் பாடி, குரலுக்கு மேல் குரல் அடுக்கி ஒரு பெரிய கூட்டம் பாடுகிற மாதிரி ஆக்கினார்கள். அந்த நடுப்பகுதியில் குரல்கள் இடது காதுக்கும் வலது காதுக்கும் மாறி மாறித் தாவும். நீங்கள் பாதிப் பாட்டைத்தான் கேட்டிருக்கிறீர்கள். அப்புறம், போனின் ஸ்பீக்கரில் வைத்துக் கேட்டு எந்த முடிவுக்கும் வராதீர்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கருக்கு அடிச்சுரம், அதாவது பாட்டுக்குக் கீழே ஓடும் தாழ்ந்த சுரம், வராது, பேஸ் கிட்டார் வாசித்தவர் சும்மா நின்றுவிட்டுப் போன மாதிரி இருக்கும்.

தப்புக்காரர்_பேரன்:
மேலே சொன்ன அடிச்சுரத்தையே பிடித்துக்கொள்ளுங்கள், போதும். எல்லாரும் முதலில் பாடுகிறவரைத்தான் கேட்கிறோம். ஒரு தடவை அவரை விட்டுவிட்டு, கீழே ஓடுகிற சுரங்களை மட்டும் முதலிலிருந்து கடைசி வரை பின்தொடர்ந்து பாருங்கள்.

ஒரு சோதனை சொல்கிறேன். கோயிலில் ஆர்மோனியம் இருந்தால் ஸ கட்டையில் விரலை வைத்து, வெள்ளை கறுப்பு எதையும் தாண்டாமல் ஒவ்வொரு கட்டையாகக் கீழே ப வரைக்கும் இறங்குங்கள். மொத்தம் ஆறு கட்டை: ஸ, பெரிய நி, சின்ன நி, பெரிய த, சின்ன த, ப. நம் ராகங்களில் இரண்டு நியும் இரண்டு தவும் இப்படி வரிசையாக வருவது வழக்கமில்லை, அதனாலேயே காதில் ஒரு மாதிரி உறுத்தும். சரி, இப்போது பர்செல் என்ற ஆங்கிலேய இசையமைப்பாளர் எழுதிய டைடோ அண்ட் ஈனியஸ் ஓபராவின் கடைசியில் டைடோ பாடும் புலம்பலைக் கேளுங்கள். 1689 வாக்கில் வந்த ஓபரா. கீழே தந்தி வாத்தியங்கள் இந்த ஆறு கட்டையையும்தான் இறங்குகின்றன, இறங்கி முடித்துவிட்டு மறுபடி மேலிருந்து, இப்படிப் பதினொரு தடவை. இதில் எனக்குப் பிடித்த இடம், கீழே ஒரு சுற்று முடிகிற இடத்தில் மேலே பாட்டு முடியாமல் அவள் வரி அடுத்த சுற்றுக்குள் இழுத்துக்கொண்டு போவதுதான்.

பிறகு லெட் செப்பலின் என்ற ரொக் குழுவின் ஸ்டெயர்வே டு ஹெவன், 1971. ஆரம்பத்தில் தனிக் கிட்டார் வருகிறதே, அதில் கட்டைவிரல் மீட்டுகிற தந்தியை மட்டும் கேளுங்கள். அதே இறக்கம்! ஆனால் ப வரைக்கும் போகாது, சின்ன தவில் நின்று திரும்பிவிடும். பிசேயின் கார்மென் ஓபராவில் (1875) ஹபனேரா என்று ஒரு பாட்டு, அதில் இந்த இறக்கத்தை அந்தப் பெண்ணே பாடுவாள், கீழே செலோ (வயலின் மாதிரி, ஆனால் பெரியது) நாலு சுரத்தை ஒரே நடையில் கடைசி வரை அடித்துக்கொண்டிருக்கும்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாசியில் காமன் கூத்து ஆடும்போது, காமன் எரிந்த பிறகு ரதி அழுகிற பாட்டைக் கவனித்திருக்கிறீர்களா? ஒவ்வொரு வரியும் உச்சியில் பிடித்து அப்படியே சரிந்து கீழே வந்து விழும். தாத்தா தப்பு மேளம் அடிப்பவர், அந்த இடத்தில் மட்டும் அடியைக் குறைத்துவிடுவார்.

பண்டாரவளை_டீச்சர்:
கட்டை எண்ணுவதெல்லாம் சரி, ஆனால் கதை தெரியாமல் ஓபரா கேட்கச் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டைடோ கார்த்தேஜின் ராணி, அவள் நம்பிய காதலன் ஈனியஸ் கப்பலேறுகிறான், அவள் சாகப்போகிறாள். இது தெரிந்தால்தான் அந்த ஆறு கட்டைக்கும் கனம் வரும். ரதி யாருக்காக அழுகிறாள் என்று தெரியாமலா நாம் கூத்துப் பார்த்தோம்?

இன்னொன்று, "கத்துகிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள் தம்பி. ஓபராவில் மைக் கிடையாது. முன்னால் ஒரு முழு வாத்தியக்குழு, அதைத் தாண்டிக் கடைசி வரிசைக்குக் குரல் போய்ச் சேர வேண்டும். வாத்தியக்குழுவின் பலம் அதிகமாக இருப்பது 500 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 500 அதிர்வு) பக்கம். தேர்ந்த ஓபராப் பாடகர், முக்கியமாக ஆண்கள், 3000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் தன் குரலின் பலத்தைக் குவிக்கப் பழகியிருப்பார், அங்கே வாத்தியங்களின் நெரிசல் குறைவு. அந்தக் கூர்மைதான் இயர்போனில் காதைக் குத்துகிறது. சத்தத்தைக் குறைத்து, கொஞ்சம் தள்ளி வைத்துக் கேளுங்கள். ரொக் பாடகருக்கு இந்தக் கவலையே இல்லை, மைக்கை உதட்டோடு வைத்துக்கொண்டு மூச்சு விடுகிற மாதிரிகூடப் பாடலாம்.

பழைய_கேசட்:
டீச்சர், கதை முழுவதும் தெரிந்துகொண்டு போய் உட்கார்ந்தும் நடுவில் தூங்கியவன் நான்.

கொட்டகலை_மழை:
புது இயர்போன் வாங்கிவிட்டேன், எல்லாருக்கும் நன்றி. ராத்திரி எங்கள் லயத்து வீட்டில் டைடோவைப் போட்டேன். தகரத்தில் மழை அடித்த அடியில் அடிச்சுரம் எங்கே தெரியப்போகிறது, விடியற்காலையில்தான் பிடிபட்டது. ஆறாவது சுற்று வரை எண்ணினேன், அதற்குப் பிறகு என்னை அறியாமலே அவள் பின்னால் போய்விட்டேன். அம்மா பெரட்டுக்கு (கொழுந்து பறிக்கப் போகுமுன் காலையில் பேர் கொடுக்கிற இடம்) கிளம்பிக்கொண்டிருந்தார், இயர்போனைக் கழற்றிவிட்டு அவருக்கும் கொஞ்சம் போட்டுக் காட்டினேன். கூடையை எடுத்துக்கொண்டே "யாருடா செத்தது?" என்றார். டீச்சர், சத்தியமாக நான் கதை எதுவும் சொல்லவில்லை.

ஆனால் ஒன்று, ஸ்டெயர்வேயில் நாலு நிமிஷத்துக்கு மேல் டிரம்ஸே வராது என்று ஒருவரும் எச்சரிக்கவில்லையே. இதுவும் போய்விட்டது என்று பஸ்ஸில் பிளக்கைத் திருகிக்கொண்டே இருந்தேன்.