அம்மாவுக்குக் கன்னத்து சைனஸில் அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா: ஆபரேஷனைத் தள்ளிப் போடலாமா?

கெடிலக்கரையான், கடலூர்:
அம்மாவுக்கு வயது 58. வெற்றிலை, புகையிலை எந்தப் பழக்கமும் கிடையாது. இடது பக்கம் மூக்கடைப்பு, மேல் கடைவாய்ப் பல் ஆட்டம், இப்படியே ரொம்ப நாள் ஓடிவிட்டது. பல்லைப் பிடுங்கிய இடத்தில் புண் ஆறவே இல்லை, அப்புறம்தான் சிடி, பயாப்சி எல்லாம் எடுத்து இந்தப் பெயரைச் சொன்னார்கள். எச்சில் சுரப்பியில் வருகிற கேன்சராம், கன்னத்துக்குள் எச்சில் சுரப்பி எங்கே இருக்கிறது? மேல் தாடையில் ஒரு பகுதியை எடுக்க வேண்டும் என்றதும் வீட்டில் ஒரே அழுகை. மாமா கீமோ மட்டும் போதும் என்கிறார். மெதுவாக வளரும் கட்டிதானே, பொங்கல் முடிந்து பார்த்துக்கொள்ளலாமா?

வில்லியனூர்க்காரன்:
தம்பி, எங்கள் சித்தப்பாவுக்கு இதேதான். காதுக்கு முன்னாலும் தாடைக்கு அடியிலும் இருப்பவை பெரிய சுரப்பிகள், அதைத் தவிர அண்ணம், மூக்கு, சைனஸ் (முக எலும்புக்குள் இருக்கும் காற்று அறை) உள்சவ்வு எல்லாவற்றிலும் பொடிப்பொடியாகச் சுரப்பிகள் உண்டு, அங்கிருந்து கிளம்புவது இது. சைனஸில் அதிகம் வருவது உள்சவ்வின் மேற்பரப்புச் செல்களில் கிளம்பும் ஸ்குவாமஸ் வகை, சுரப்பி வகை அபூர்வம். அந்த அபூர்வத்துக்குள் அதிகம் வருவது உங்கள் அம்மாவுக்கு வந்திருப்பதுதான்.

மெதுவாக வளரும் என்பது உண்மை, ஆனால் அதை நம்பிச் சும்மா இருக்கக் கூடாது. இது நரம்பைப் பிடித்துக்கொண்டு கறையான் மாதிரி உள்ளேயே போகும், கன்னத்துக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்பு வழியாக மண்டையோட்டின் அடிப்பகுதி வரை போய்விட்டால் முழுதாக எடுப்பது ரொம்பக் கஷ்டம். அம்மாவுக்குக் கன்னமோ மேலுதடோ மரத்துப்போகிறதா? சிடியில் எலும்பு அரிப்பு நன்றாகத் தெரியும், நரம்பு வழிப் பரவலுக்கு மருந்து ஏற்றி எடுக்கும் எம்ஆர்ஐ வேண்டும். நெஞ்சுக்கும் ஒரு சிடி கேட்பார்கள், ஏனென்றால் கழுத்து நெறிக்கட்டிகளை விட நுரையீரலுக்குப் போவதுதான் இதன் வழக்கம்.

கீமோவுக்கு இது சரியாகக் கட்டுப்படுவதில்லை. எடுக்க முடிகிற நிலையில் இருந்தால் ஆபரேஷன், பிறகு ரேடியேஷன், அதுதான் முறை. மாமாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

பல்செட்டுக்காரி:
புதுச்சேரியில் பல் மருத்துவராக இருக்கிறேன். தாடையை எடுத்தால் சாப்பிடவே முடியாது என்ற பயம்தான் பாதிப்பேருக்கு. அண்ணத்தில் விழும் ஓட்டையை அடைக்க ஆப்டுரேட்டர் என்று பல்செட்டு மாதிரி ஒன்று செய்வோம், அது இருந்தால் தண்ணீர் மூக்கு வழியாக வராது, பேச்சும் புரியும். சிலருக்கு உடம்பின் வேறு இடத்திலிருந்து சதையும் எலும்பும் எடுத்து வைத்துச் சரிசெய்வார்கள். ஆனால் ஆபரேஷனுக்கு முன்பே அளவு எடுக்க வேண்டும், அதனால் செயற்கைப் பல் பிரிவு டாக்டரை இப்போதே பாருங்கள். சொத்தைப் பற்களையும் ரேடியேஷனுக்கு முன்னாலேயே கவனித்துவிட வேண்டும், பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போகிற ஆபத்து உண்டு. வாய் திறக்கும் பயிற்சியை அம்மா எரிச்சல்பட்டாலும் விடாதீர்கள், விட்டால் வாய் இறுகிப்போய் ஸ்பூன்கூட நுழையாது.

கெடிலக்கரையான்:
அண்ணா, கேட்டுப் பார்த்தேன், மேலுதடு ஓரம் மரத்துத்தான் இருக்கிறதாம், இவ்வளவு நாள் பல் பிடுங்கியதால் என்று நினைத்துச் சொல்லவே இல்லை. எம்ஆர்ஐ இன்னும் எடுக்கவில்லை. எங்கே போகலாம்?

வில்லியனூர்க்காரன்:
அப்படியானால் பொங்கல் வரை காத்திருக்காதீர்கள். புதுச்சேரி கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் ஆஸ்பத்திரியில் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது, கடலூரிலிருந்து பக்கம்தான். காலையிலேயே போய்விடுங்கள், ஓபி கூட்டம் தெரியுமில்லையா. ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, பயாப்சி எடுத்த இடத்தில் ஸ்லைடும், சதைத் துண்டைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், இந்த வகைக் கட்டியை இன்னொரு நோயியல் டாக்டரும் பார்ப்பது நல்லது. மரத்துப்போவதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். இன்னொன்று, இதில் 5 வருடம் தாண்டினால் முடிந்தது என்று விட மாட்டார்கள், 10 வருடம் கழித்தும் நுரையீரலில் வரலாம். அதனால் இப்போது எடுத்த சிடி ஸ்கேனின் டிஸ்க்கையும் ஃபிலிமையும் பத்திரமாக வையுங்கள், பின்னால் ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்பார்கள்.