எட்டு மணிநேர வேலைநாள்: கோரிக்கை சட்டமாவதற்கு அமெரிக்காவில் ஏன் அரை நூற்றாண்டு பிடித்தது?

வெள்ளவத்தை ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்தின் மே தினக் கூட்டத்தில், உள்நாட்டுப் போருக்குப் பிந்திய அமெரிக்காவில் கைத்தொழில்மயமாக்கம் தொழிலாளரின் வாழ்வை எவ்வாறு மாற்றியது என்பது பற்றிப் பேசும் பொறுப்பை ஏற்றிருக்கிறேன். வாசிக்க வாசிக்க ஒரு கேள்வி மனதை விட்டு அகல மறுக்கிறது.

1886 மே 1ஆம் திகதி எட்டு மணிநேர வேலைநாள் கோரி இலட்சக்கணக்கானோர் அமெரிக்க நகரங்களில் வேலையை நிறுத்தினார்கள். மே 3இல் சிக்காகோவின் மக்கோர்மிக் அறுவடை இயந்திரத் தொழிற்சாலைக்கு வெளியே பொலிஸார் சுட்டதும், மறுநாள் ஹேமார்க்கெட்டில் குண்டு வெடித்ததும், அதை எறிந்தவர் யாரென்று நிறுவப்படாமலேயே எண்மர் குற்றவாளிகளாகக் காணப்பட்டு, அவர்களுள் நால்வர் 1887 நவம்பர் 11இல் தூக்கிலிடப்பட்டதும் நாம் ஆண்டுதோறும் நினைவுகூரும் வரலாறு. ஆயினும் நாடு முழுவதற்குமான வேலைநேரச் சட்டம் 1938இல்தான் நிறைவேறியது. அச்சட்டம் முதலில் வாரத்துக்கு 44 மணிநேரத்தையே எல்லையாக வைத்து, அதற்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு சம்பளம் தரவேண்டும் என்றது. 40 மணிநேர எல்லை 1940இல் நடைமுறைக்கு வந்தது.

முதலாளிகளின் பணபலமே இத்தாமதத்துக்குக் காரணம் என்று சொல்லிவிடலாம். ஆனால் பிரித்தானிய முதலாளிகளிடமும் பணம் இருந்தது. அங்கே பெண்களுக்கும் இளைஞர்களுக்குமான பத்து மணிநேரச் சட்டம் 1847இலேயே வந்துவிட்டது. அப்படியானால் அமெரிக்காவில் மட்டும் தடையாக நின்றது எது? கடைசியில் அத்தடையை நகர்த்தியவர்கள் வேலைநிறுத்தக்காரர்களா, நடுத்தர வர்க்கச் சீர்திருத்தவாதிகளா? என் மாணவர்கள் இரண்டாவது கேள்வியைத்தான் கட்டாயம் கேட்பார்கள்.

புதுக்கடைச் சட்டத்தரணி எழுதியது:

வணக்கம் ஆசிரியை அவர்களே. உங்கள் முதற் கேள்விக்கு என் பதில், நீதிமன்றம் என்பதே. சற்று விரிவாக எழுதுகிறேன். இந்தப் பகுதியைத் தவிர்த்துவிட்டு அக்கால அமெரிக்கத் தொழிலாளர் வரலாற்றைப் புரிந்துகொள்ளவே முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

பிரித்தானியாவில் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தை எந்த நீதிமன்றமும் செல்லாதென்று தள்ள முடியாது. அமெரிக்காவில் முடியும். அதோடு, தொழிற்சாலைச் சட்டம் இயற்றும் அதிகாரம் மாநிலங்களுக்கே உரியது என்று கருதப்பட்டது. ஆகவே ஒரு மாநிலம் நல்ல சட்டமொன்றைக் கொண்டுவந்தால் முதலாளி சட்டம் இல்லாத அடுத்த மாநிலத்துக்குத் தொழிற்சாலையைக் கொண்டுபோகலாம், அல்லது நீதிமன்றத்துக்குப் போகலாம். இரண்டும் நடந்தன.

இலினோய் மாநிலத்தில் 1893இல், புளோரன்ஸ் கெலி முதலானோரின் முயற்சியால், தொழிற்சாலைகளில் பெண்களுக்கு எட்டு மணிநேர வேலை என்ற சட்டம் வந்தது. (கொழும்பில் அச்சகத் தொழிலாளர்கள் இந்த நாட்டின் முதலாவது பெரிய வேலைநிறுத்தத்தை நடத்தியதும் அதே ஆண்டில்தான்.) இரண்டே ஆண்டுகளில் மாநில உயர் நீதிமன்றம் அந்த எட்டு மணிநேர விதியைச் செல்லாததாக்கியது. பேக்கரித் தொழிலாளர் நாளொன்றுக்குப் பத்து மணிநேரத்துக்கும் வாரத்துக்கு அறுபது மணிநேரத்துக்கும் மேல் வேலை செய்யக்கூடாது என்று நியூ யோர்க் மாநிலம் 1895இல் சட்டம் செய்தது. 1905இல் லொக்னர் வழக்கில் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், அந்த வரம்பையும் நீக்கியது. தொழிலாளியும் முதலாளியும் விரும்பியபடி ஒப்பந்தம் செய்துகொள்ளும் சுதந்திரத்தில் அரசு தலையிட முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

அந்தச் சுதந்திரத்தை நீதிபதிகள் எதிலிருந்து கண்டெடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். அது 1868இல் நிறைவேறிய பதினான்காவது அரசியலமைப்புத் திருத்தம். விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் உரிமைகளைக் காப்பதற்கென்று எழுதப்பட்ட அந்தத் திருத்தம், அவர்களைக் காக்கத் தவறிய அதே ஆண்டுகளில், பேக்கரி உரிமையாளருக்குக் கேடயமாயிற்று. இதை எப்போது வாசித்தாலும் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

குழந்தைத் தொழிலாளர் விடயத்திலும் இதே கதைதான். 1916இல் அமெரிக்கப் பாராளுமன்றமான காங்கிரஸ் கொண்டுவந்த சட்டம் 1918இல் வீழ்ந்தது. வரி விதிப்பதன் மூலம் அதையே செய்ய முயன்ற அடுத்த சட்டம் 1922இல் வீழ்ந்தது. அரசியலமைப்பையே திருத்துவோம் என்று 1924இல் முன்வைத்த திருத்தத்தைப் போதிய மாநிலங்கள் இன்றுவரை அங்கீகரிக்கவில்லை.

இன்னொரு ஆயுதம் தடையுத்தரவு. 1894இல் புகையிரதப் பெட்டிகளைச் செய்யும் புல்மன் நிறுவனம் சம்பளத்தைக் குறைத்துவிட்டு, தனது நகரில் குடியிருந்த தொழிலாளரின் வீட்டு வாடகையைக் குறைக்க மறுத்தது. யூஜின் டெப்ஸ் தலைமையிலான புகையிரதத் தொழிலாளர் சங்கம், புல்மன் பெட்டிகள் இணைக்கப்பட்ட வண்டிகளைக் கையாள மறுத்தது. நீதிமன்றம் தடையுத்தரவு பிறப்பித்தது, ஜனாதிபதி குரோவர் கிளீவ்லண்ட் இராணுவத்தை அனுப்பினார், டெப்ஸ் சிறை சென்றார். பெருங்கம்பனிகளின் ஏகபோகத்தை ஒடுக்குவதற்கென்று 1890இல் இயற்றப்பட்ட ஷேர்மன் சட்டமும் அந்தத் தடையுத்தரவுக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது.

1932இல் ஒரு சட்டம் இத்தகைய தடையுத்தரவுகளைக் கட்டுப்படுத்தியது. 1937இல், பொருளாதாரப் பெருமந்தமும் ஜனாதிபதி ரூஸ்வெல்ற்றின் அழுத்தமும் சூழ்ந்திருந்த வேளையில், உயர் நீதிமன்றம் வாஷிங்டன் மாநிலத்தின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. அதன் பின்னரே 1938ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழி திறந்தது. 1941இல் நீதிமன்றம் அதையும் உறுதிப்படுத்தியது.

பம்பலப்பிட்டிப் பொறியியலாளர் எழுதியது:

சட்டத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் கொடுக்க வேண்டுமா என்ற ஐயம் எனக்கு உண்டு. ஹென்றி போர்ட் 1914 ஜனவரியில், எந்தச் சட்டமும் வற்புறுத்தாமலே, எட்டு மணிநேர வேலையையும் நாளொன்றுக்கு ஐந்து டொலர் ஊதியத்தையும் அறிவித்தார். முந்திய ஆண்டில் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் நகரும் பொருத்துத் தொடரை ஏற்படுத்தியபோது உற்பத்தி பெருகியது. ஆனால் அந்தச் சலிப்பான வேலையில் ஆட்கள் நிலைக்கவில்லை. ஆட்களைத் தக்கவைப்பதற்காகவே சம்பளம் உயர்ந்தது, நேரம் குறைந்தது. இயந்திரமே சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தது என்று சொல்ல இடமிருக்கிறது அல்லவா?

புதுக்கடைச் சட்டத்தரணி எழுதியது:

போர்ட் பற்றி நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் அந்த ஐந்து டொலரின் ஒரு பகுதி, தொழிலாளியின் வீட்டுக்கே ஆட்களை அனுப்பி, அவர் குடிக்கிறாரா, சேமிக்கிறாரா, வீட்டைத் துப்புரவாக வைத்திருக்கிறாரா என்று விசாரித்த பின்னரே கொடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதைவிட முக்கியமாக, உருக்குத் தொழிலைப் பாருங்கள். இயந்திரமயமாக்கத்தில் அதற்கு ஈடான தொழில்கள் அன்று குறைவு. 1892இல் ஹோம்ஸ்டெட்டில் கார்னகியின் ஆலை சங்கத்தை உடைத்த பின்னர், பன்னிரண்டு மணிநேர வேலைநாள் அத்தொழிலில் ஒரு தலைமுறைக் காலம் நிலைத்தது. 1919இல் மூன்றரை இலட்சம் பேரளவில் நடத்திய வேலைநிறுத்தமும் தோற்றது. ஜனாதிபதி ஹார்டிங்கும் பொதுமக்கள் அபிப்பிராயமும் நெருக்கிய பின்னர், 1923இல்தான் அந்த நேரம் குறைந்தது. இயந்திரம் தானாக இரக்கம் காட்டுவதில்லை, ஐயா.

கட்டுநாயக்க அனுபவம் எழுதியது:

ஆசிரியை அக்காவின் இரண்டாவது கேள்விக்கு எழுத விரும்புகிறேன். நான் கட்டுநாயக்க வர்த்தக வலயத்தில் ஆடைத் தொழிற்சாலையொன்றில் தர மேற்பார்வையாளராகப் பல ஆண்டுகள் வேலை செய்தவள். தீப்பாதுகாப்புப் பயிற்சியின்போது, அவசர வழியின் கதவை வேலை நேரத்தில் பூட்டக் கூடாது என்று எங்களுக்கு மீண்டும் மீண்டும் சொல்வார்கள். அந்த விதியின் பின்னால் எத்தனை உயிர்கள் இருக்கின்றன என்பதைப் பிற்பாடு வாசித்துத்தான் அறிந்தேன்.

1911 மார்ச் 25, சனிக்கிழமை மாலை. நியூ யோர்க்கில் பத்து மாடிக் கட்டடமொன்றின் மேல் மூன்று மாடிகளில் இயங்கிய ட்ரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில், வேலை முடியும் நேரத்தில், எட்டாம் மாடியில் தீப்பிடித்தது. ஒன்பதாம் மாடியில் ஒரு படிக்கட்டுக்குச் செல்லும் கதவு பூட்டியிருந்தது. வெளிப்புற இரும்பு ஏணி பாரம் தாங்காமல் முறிந்து வீழ்ந்தது. தீயணைப்புப் படையினரின் ஏணி ஆறாம் மாடி வரைதான் எட்டியது. 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்து குடியேறிய இளம் பெண்கள், அவர்களுள் பலர் யூதர்கள். உரிமையாளர் இருவரும் அந்த ஆண்டு டிசெம்பரிலேயே விடுதலை செய்யப்பட்டார்கள்.

இந்தத் தீயைச் சொல்பவர்கள் பலர் அதற்கு முந்திய கதையைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். 1909 நவம்பரில் கிளாரா லெம்லிக் என்ற இளம் தையற்காரி, பெரிய தலைவர்கள் நீண்ட நேரம் பேசிய கூட்டமொன்றில் எழுந்து, பொது வேலைநிறுத்தத்தைக் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷில் முன்மொழிந்தாள். சுமார் இருபதாயிரம் பேர் வீதிக்கு வந்தார்கள். ட்ரையாங்கிள் பெண்களும் அதில் இருந்தார்கள். அவர்களுடைய குறைகளுள் பூட்டிய கதவுகளும் போதாத தீ வழிகளும் அடங்கும். பல நிறுவனங்கள் சங்கத்தோடு உடன்பாடு செய்தன. ட்ரையாங்கிள் சங்கத்தை ஏற்க மறுத்தது. அந்தப் பெண்கள் கேட்டதைக் கொடுத்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று எண்ணாமல் என்னால் அந்த வரலாற்றைக் கடந்து போக முடியவில்லை.

தீயை வீதியில் நின்று பார்த்தவர்களுள் ஒருவர் சீர்திருத்தவாதி பிரான்சஸ் பேர்க்கின்ஸ். மாநிலம் அமைத்த விசாரணை ஆணைக்குழுவுக்கு ரொபர்ட் வாக்னர் தலைவர். அல் ஸ்மித் உபதலைவர். பேர்க்கின்ஸ் அந்த ஆணைக்குழுவுக்காகத் தொழிற்சாலைகளை ஆராய்ந்தார். தீப்பாதுகாப்பு, வேலைநேரம், சிறுவர் வேலை பற்றிய பல சட்டங்கள் அடுத்த சில ஆண்டுகளில் நியூ யோர்க்கில் நிறைவேறின. 1935இல் சங்கம் அமைக்கும் உரிமையைத் தேசிய அளவில் பாதுகாத்த சட்டம் அதே வாக்னரின் பெயரால் அழைக்கப்படுகிறது. 1933இல் அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதற் பெண்ணாகத் தொழில் செயலாளர் பதவியேற்று, நீங்கள் குறிப்பிட்ட 1938ஆம் ஆண்டுச் சட்டத்துக்காக உழைத்தவர் அதே பேர்க்கின்ஸ். ஆகவே வேலைநிறுத்தக்காரர்களா, சீர்திருத்தவாதிகளா என்று பிரித்துக் கேட்டால் மாணவர்களுக்குப் பாதிதான் கிடைக்கும், அக்கா. தையற்காரிகள் முதலில் கேட்டார்கள். கேட்டதற்குச் செவிசாய்க்காத நாடு, அவர்கள் இறந்த பின்னர், படித்தவர்களின் வாயால் அதைக் கேட்டுக்கொண்டது.

கொட்டகலைப் பிள்ளை, இப்போது கொழும்பு எழுதியது:

எல்லோரும் 1938ஆம் ஆண்டுச் சட்டத்தை முடிவாக வைத்துப் பேசுகிறீர்கள். அதன் வாசலுக்கு வெளியே நின்றவர்களைப் பற்றி ஒருவராவது எழுத வேண்டும். விவசாயத் தொழிலாளரும் வீட்டுப் பணியாளரும் அச்சட்டத்துக்குள் சேர்க்கப்படவில்லை. வாக்னர் சட்டத்திலும் அவர்களுக்கு இடமில்லை. தென் மாநிலங்களின் கறுப்பினத் தொழிலாளர்களில் பெரும்பாலானோர் செய்த வேலைகள் இவ்விரண்டுமே. தென் மாநிலக் காங்கிரஸ் உறுப்பினர்களின் வாக்கில்லாமல் சட்டம் நிறைவேற முடியாத நிலையும் இருந்தது.

சங்கங்களும் கதவைச் சாத்தின. 1882இல் சீனத் தொழிலாளரின் வருகையைத் தடைசெய்த சட்டத்தைத் தொழிற்சங்கத் தலைவர்கள் பலர் ஆதரித்தார்கள். 1885இல் வயோமிங்கின் ரொக் ஸ்பிறிங்ஸில் வெள்ளையினச் சுரங்கத் தொழிலாளர்கள் 28 சீனத் தொழிலாளர்களைக் கொன்றார்கள். சட்டத்தரணி ஐயா மதிப்போடு குறிப்பிட்ட டெப்ஸின் சங்கமும், டெப்ஸ் எதிர்த்தபோதிலும், கறுப்பினத்தவரை உறுப்பினராக ஏற்பதில்லை என்று 1894இல் வாக்களித்தது. அதே புல்மன் நிறுவனத்தின் படுக்கைப் பெட்டிகளில் வேலை செய்த கறுப்பினச் சிப்பந்திகள் 1925இல் பிலிப் ரன்டொல்ப் தலைமையில் தமக்கென ஒரு சங்கம் அமைத்து, பன்னிரண்டு ஆண்டுகள் போராடி, 1937இல் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தார்கள். பண்ணைத் தொழிலாளரின் முறை அதற்கும் பிந்தியது: கலிபோர்னியாவின் டிலானோவில் பிலிப்பீனியரும் மெக்சிக்கோ வம்சாவளியினரும் 1965இல் தொடங்கிய திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தம் 1970இல்தான் வென்றது.

புல்மன் நகரத்தின் வாடகை வீடுகளைப் பற்றி வாசித்தபோது, என் பாட்டி பிறந்த லயன் அறை என் கண்முன் வந்தது. வேலை கொடுப்பவனே கூரையையும் வைத்திருந்தால் வேலையை விடுவது வீட்டையும் விடுவதாகும். தோட்டத்துக் கதையில் வளர்ந்த எவருக்கும் 1894ஐ விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

வெள்ளவத்தை ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கொட்டகலைத் தம்பி எழுதியதை முன்னிறுத்தி, 1938ஆம் ஆண்டுச் சட்டத்தால் யார் பயன்பெற்றார்கள், யார் விடுபட்டார்கள் என்ற வரிசையில் என் உரையை மாற்றி அமைக்கப் போகிறேன். ஒரு சிறு ஐயம் மட்டும் எஞ்சியிருக்கிறது. இங்கே 1956 முதல் மே 1 பொது விடுமுறையாக இருக்கிறது. மே தினத்துக்குக் காரணமான நாட்டில் அது செப்டெம்பரில் கொண்டாடப்படுவது ஏன்?

புதுக்கடைச் சட்டத்தரணி எழுதியது:

செப்டெம்பர் ஊர்வலம் ஹேமார்க்கெட்டுக்கு முந்தியது. நியூ யோர்க்கின் சங்கங்கள் 1882 செப்டெம்பர் 5இல் அதை முதலில் நடத்தின. பின்னர் பல மாநிலங்கள் அந்நாளை விடுமுறையாக்கின. மே 1 சர்வதேச நாளாக்கப்பட்டது 1889இல் பாரிஸில் கூடிய சோசலிசவாதிகளால். 1894 ஜூன் 28இல், புல்மன் புறக்கணிப்புத் தொடங்கி இரண்டு நாட்களின் பின், செப்டெம்பரின் முதல் திங்கட்கிழமையை விடுமுறையாக்கும் சட்டத்தில் கிளீவ்லண்ட் கையொப்பமிட்டார். ஒரு வாரத்துக்குள் இராணுவம் சிக்காகோவில் இருந்தது. உங்கள் உரையில் இந்த இரண்டு திகதிகளையும் அருகருகே சொல்லுங்கள். மாணவர்கள் மிகுதியைத் தாமே கேட்பார்கள்.