தடத்திற்கு வெளியே சறுக்க எந்த ஸ்கீ (பனிச்சறுக்குப் பலகை)?

கேள்வி:
கனடாவின் விஸ்லர் பனிச்சறுக்கு மலையில் சீர்செய்த தடங்களில் சிரமமின்றி இறங்குகிறேன். ஆனால், ஓரத்து மரங்களுக்கிடையே நுழைந்தால், 76 மி.மீ. இடையகலம் (நடுப்பகுதியின் அகலம்) கொண்ட என் ஸ்கீயின் முனை ஈரப்பனியில் புதைந்துவிடுகிறது. என் உயரம் 163 செ.மீ. தடத்திலும் வெளியிலும் சறுக்க ஏற்ற, பெண்களுக்கான ஆல்-மவுண்டன் ஸ்கீக்களில் எந்த அகலமும் நீளமும் பொருந்தும்?

பதில் 1:
76 என்பது தடத்துக்கான அகலம். பசிபிக் கடலோர மலைகளின் பனி, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தின் உலர்ந்த தூள்பனியைப் போலன்றிக் கனமானது என்பதால், 94 முதல் 100 மி.மீ. வரை பாருங்கள். அகலத்தைவிட முனையின் வடிவம் முக்கியம்: இரு ஸ்கீக்களின் அடிப்பரப்புகளையும் சேர்த்துப் பிடித்தால், முனைக்கு வெகு முன்பே அவை விலகத் தொடங்க வேண்டும், அந்த ராக்கர் வளைவுதான் பனிக்கு மேலே ஏற்றிவிடும். நீளம் உங்கள் உயரத்தை ஒட்டியே இருக்கலாம்; ராக்கர் உள்ள ஸ்கீ, கெட்டியான தடத்தில் குட்டையானது போலவே நடந்துகொள்ளும்.

பதில் 2:
நார்டிகா சாண்டா ஆனா, ஃபோல்கல் சீக்ரெட் போன்ற ஸ்கீ மாதிரிகளில் டைட்டானால் என்னும் அலுமினியக் கலவைத் தகடு உண்டு. பலர் சறுக்கிக் குலைத்த பனியில் அவை அலைபாயாது. ஆனால், மரங்களுக்கிடையே சட்டெனத் திருப்பக் காலில் வலு வேண்டும். ‘பெண்களுக்கானது’ என்ற முத்திரையை மட்டும் நம்பாதீர்கள். சிலவற்றில் ஆண்களுக்கான மாதிரியிலிருந்து நிறம்தான் மாறியிருக்கும். கடைகள் சோதித்துப் பார்க்கத் தரும் டெமோ ஸ்கீயை வாடகைக்கு எடுத்து, பனி குலைந்துவிட்ட பிற்பகலில் சறுக்கிப் பாருங்கள். காலைப் புதுப்பனியில் எல்லா ஸ்கீயும் நல்ல ஸ்கீதான்.

பதில் 3:
காலணியை ஸ்கீயுடன் பிணைக்கும் பழைய பைண்டிங்கைப் புதிய ஸ்கீக்கு மாற்றிப் பொருத்த எண்ணினால், அதன் பிரேக் (கழன்ற ஸ்கீ ஓடிவிடாமல் நிறுத்தும் கம்பிகள்) புதிய இடையகலத்துக்குப் போதுமா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள்.