வரையாடும் நெப்ரோடிக் காளானும்: ஒரே அட்டவணையில் ஒப்பிடலாமா?

கேள்வி
நீலகிரி வரையாட்டையும், சிசிலித் தீவின் மதோனியே மலையில் வளரும் ப்ளூரோட்டஸ் நெப்ரோடென்சிஸ் காளானையும் ஒப்பிட்டு அட்டவணை போடுகிறேன். அழியும் ஆபத்தை மதிப்பிடும் ஐ.யூ.சி.என். சிவப்புப் பட்டியலில் முதலாவது ‘அருகிய இனம்’, இரண்டாவது ‘மிக அருகிய இனம்’. காளானின் எண்ணிக்கைதான் குறைவு என்று எழுதிவிடலாமா? அறிவியல் பெயருக்குப் பின் ஒன்றில் மட்டும் ஆண்டு வருவது ஏன்?

பதில் 1
ஆண்டு விஷயம் எளிது. விலங்குப் பெயர்களுக்கு ஒரு விதித்தொகுப்பு. பாசி, பூஞ்சை, தாவரங்களுக்கு வேறொன்று. வரையாட்டின் பெயரான நீல்கிரிட்ராகஸ் ஹைலோகிரியஸ் (ஆகில்பி, 1838) என்பதில் முதலில் பெயரிட்டவரைச் சுற்றி அடைப்புக்குறி இருந்தால், பேரினம் பிறகு மாறியது என்று பொருள். ஹெமிட்ராகஸ் பேரினத்தில் இருந்த வரையாடு 2005இல்தான் தனிப் பேரினமானது. காளானில் (இன்சென்கா) கெலே என்று, முதலில் பெயரிட்டவரும் இடம் மாற்றியவரும் சேர்ந்தே வருவார்கள், ஆண்டு தேவையில்லை.

படிநிலை (தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம்): வரையாடு முதுகுநாணிகள், பாலூட்டிகள், இரட்டைப்படைக் குளம்பிகள், போவிடே. காளான் பெசிடியோமைக்கோட்டா, அகாரிகோமைசீட்ஸ், அகாரிகேல்ஸ், ப்ளூரோட்டேசி. காளானைத் தாவரத்தோடு சேர்த்துவிடாதீர்கள். பரிணாம உறவில் பூஞ்சைகள் நமக்குத்தான் நெருக்கம்.

பதில் 2
நிலையை மட்டும் எழுதினால் ஒப்பீடு தவறாகிவிடும். எந்த அளவுகோலில் அந்த நிலை கிடைத்தது என்பதற்கு ஒரு நெடுவரிசை ஒதுக்குங்கள். ‘சி’ அளவுகோல் முதிர்ந்த, அதாவது இனப்பெருக்கம் செய்யக்கூடிய, உயிரிகளை எண்ணுகிறது: தொடர் சரிவோடு 2,500க்குக் கீழ் என்றால் அருகியது, 250க்குக் கீழ் என்றால் மிக அருகியது. ‘பி’ அளவுகோல் பரப்பைப் பார்க்கிறது: பரவல் எல்லை 5,000 சதுர கி.மீ.க்குக் கீழ் அருகியது, 100க்குக் கீழ் மிக அருகியது. பரப்பு மட்டும் போதாது. துண்டுபட்ட வாழிடம், தொடர் சரிவு, கடும் ஏற்ற இறக்கம் இவற்றில் குறைந்தது இரண்டு சேர வேண்டும்.

எண்ணிக்கையிலும் கவனம் தேவை. தமிழ்நாட்டின் 2024 வரையாட்டுக் கணக்கெடுப்பில் வந்த 1,031 என்ற எண் குட்டிகளையும் சேர்த்தது, அதுவும் ஒரு மாநிலத்துக்கு மட்டும். காளானில் மண்ணுக்கு மேல் தெரிவது கனியுடல்தான். ஒரே பூசண இழைவலையிலிருந்து பல குடைகள் எழலாம். மழை பொய்த்தால் உயிரோடிருந்தும் ஒன்றும் தலைகாட்டாது. குடைகளை எண்ணி ‘இத்தனை உயிரிகள்’ என்று எழுதுவதுதான் வழக்கமாக நேரும் பிழை.

கேள்வி கேட்டவர்
நன்றி. ஆனால் இந்தக் காளானைப் பண்ணையில் வளர்க்கிறார்களே, பிறகு எப்படி மிக அருகியது?

பதில் 3
பட்டியல் காட்டில் இருப்பதை மட்டுமே மதிப்பிடும். போதாததற்கு, சீனாவில் நெப்ரோடென்சிஸ் என்ற பெயரில் விளைவித்தது பெரும்பாலும் அதன் உறவினமான ப்ளூரோட்டஸ் டுவோலியென்சிஸ். மதோனியேவில் சிக்கலே வேறு: வித்துகள் சிதறும் முன் இளங்காளானாகவே பறித்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வரையாடு இருப்பது சட்டநிலை. அதற்குத் தனி நெடுவரிசை போடுங்கள், சிவப்புப் பட்டியல் நிலையோடு கலக்க வேண்டாம்.